மானமானி

வெட்கத்தை அளக்க ஒரு கருவி வேண்டும் என்று உலகத்தில் யாரும் கேட்கவில்லை. குமரகுருபரனும் அப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைத்து உட்காரவில்லை. அவர் காந்தப் பொருள்களின் ஆள். இரும்பையும், வாயில் நுழையாத பெயர் கொண்ட இன்னும் சில உலோகங்களையும் வெங்காயச் சருகைவிட மெல்லிய படலங்களாக ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, பக்கத்தில் காந்தம் வந்தால் அவை எப்படிச் சிலிர்க்கின்றன என்று பார்ப்பதுதான் அவருடைய தொழில், பொழுதுபோக்கு, மனைவியின் கருத்துப்படி வியாதி.

பல்கலைக்கழகத்தின் டீன் தணிகாசலம் விண்மீன் மண்டலங்களை ஆராய்கிறவர். விண்மீன் மண்டலங்களிலும் காந்தப்புலம் உண்டு. நம் பூமியின் காந்தத்தோடு ஒப்பிட்டால் இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு சன்னம். அப்படியொரு புலத்தை ஒரு பெட்டிக்குள் உண்டாக்கி, விண்வெளித் தூசி அதில் எப்படி வரிசை கட்டி நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. உண்டாக்கினால் மட்டும் போதுமா, அளக்க வேண்டாமா? அளப்பதற்குத்தான் குருபரனின் படலம்.

படலம் வேலை செய்தது. அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்ததுதான் வினையாகப் போயிற்று. பெட்டிக்குள் ஒன்றுமே இல்லாதபோதும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால் திரையில் கோடு நடுங்கியது. ஒருநாள் தணிகாசலமே அதன் அருகில் உட்கார்ந்துகொண்டு பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பற்றி ஆய்வு மாணவர்களுக்குச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். கோடு சமர்த்தாகப் படுத்திருந்தது. நடுவில் ஒருவர் மெல்ல வந்து, ஐயாவின் கால்சட்டை ஜிப் திறந்திருப்பதைக் காதில் சொன்னார். கோடு விருட்டென்று எழும்பித் திரையின் உச்சியில் போய் நின்றது. ஜிப்பை மூடிய பிறகும் அது இறங்குவதாக இல்லை.

அங்கே சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றவர்களில் உளவியல் துறையின் பேராசிரியை ரெஹானாவும் ஒருவர். சிரித்துவிட்டுப் போய்விடாமல் அதை விடாப்பிடியாகத் தொடர்ந்ததும் அவர்தான். பாட வராதவர்களை உட்காரவைத்துப் பாடச் சொன்னார். கல்லூரி நாளில் எழுதிய காதல் கவிதையை எல்லோர் முன்பும் வாசிக்கச் சொன்னார். தாங்கள் சொன்ன பொய்களைச் சொல்லச் சொன்னார். பயத்துக்குக் கோடு ஏறவில்லை. கோபத்துக்கு ஏறவில்லை. பொய்க்கும் சிலரிடம் ஏறியது, பலரிடம் அசையக்கூட இல்லை. மனிதன் கூனிக் குறுகுகிற அந்த ஒரு கணத்துக்கு மட்டும் மூளையின் ஏதோ ஓர் ஓரத்தில் ஒரு மெல்லிய காந்த அலை எழுகிறது. அது இந்தப் படலத்துக்கு மட்டும் கேட்கிறது. மாணவர்கள் அதற்கு மானமானி என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க குருபரன் சார்,” என்றார் ரெஹானா. “கூச்சம், அவமானம், குற்றவுணர்ச்சி எல்லாம் உங்க மெஷினுக்கு ஒண்ணுதான். ஒருத்தர் குறுகிப் போறார்னு சொல்லும். எதுக்காகன்னு சொல்லாது.”

“தெரியும் மேடம்,” என்றார் குருபரன். உண்மையிலேயே அப்போது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த நிலையில்தான் செங்கழுநீர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தன.

ஒரு காலைப்பொழுதில் ஏரி முழுக்க வெள்ளை வயிறுகள். ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கரையில் நின்ற படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த ஏரி நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது என்று பல்கலைக்கழகத்தின் நன்னீர்ச் சூழலியல் துறை ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருந்தது. கட்டுரையின் முதல் பெயர் துறைத் தலைவர் ஞானசிகாமணியுடையது. கடைசிப் பெயர் அவருடைய ஆய்வு மாணவி மதிவதனியுடையது. ஏரிக்குப் போய் நீர் எடுத்து, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்தவள் அவள்.

ஆக்சிஜனைக் காலையிலும் அளக்க வேண்டும், பிற்பகலிலும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் நீருக்குள் பாசி மண்டுகிறது என்று அர்த்தம். பகலில் அந்தப் பாசி ஆக்சிஜனை வாரி வழங்கும். ராத்திரியானால் மீனுக்கு மிச்சம் வைக்காமல் தானே உறிஞ்சிவிடும். கட்டுரையில் இருந்த பிற்பகல் அளவுகளை வேறு ஊர் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, அவை ஏரியில் எடுத்தவை அல்ல, காலை அளவோடு ஏதோ ஒரு கணக்கில் கூட்டிப் போட்டவை என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. மானம் கப்பலேறியது. விசாரணைக் குழு அமைத்தார்கள். தணிகாசலம் தலைவர், துணைப் பதிவாளர் வரதன் உறுப்பினர். குழுவில் பெண் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. இருந்த ஒருவர் விடுப்பில் போயிருந்தார். ரெஹானா தாமாகவே வருவதாகச் சொன்னார்.

“அவங்க வந்தா மனசு, ஆழ்மனசுன்னு குழப்பிடுவாங்க,” என்றார் தணிகாசலம். “இது ஒண்ணும் பொம்பளைங்க விவகாரம் இல்லையே. குருபரன், நீங்க உங்க மெஷினை எடுத்துட்டு வாங்க. அது சொல்லட்டும்.”

குருபரனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இத்தனை வருடம் அடித்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவில் குப்பை கொட்டியவர் அவர். டீன் தோளில் கை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. புதிய கட்டடத்தில் முதல் மாடி உங்களுக்குத்தான் என்று வேறு சொல்லியிருந்தார்.

விசாரணை அறையில் ஒரு நாற்காலிக்குப் பின்னால் மானமானி நின்றது. திரை குழுவினரைப் பார்த்து இருந்தது. நாற்காலியில் உட்காருகிறவருக்குத் தெரியாது.

“பொய் சொன்னா இது காட்டிக்கொடுத்துடும்,” என்று வரதனுக்கு விளக்கினார் தணிகாசலம்.

“பொய்யின்னு இல்ல சார், இது வந்து...” என்று ஆரம்பித்தார் குருபரன்.

“அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்,” என்று டீன் கையசைத்தார். குருபரன் ஒரு சிரிப்பு சிரித்து வாயை மூடிக்கொண்டார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் அவருக்குத் தம்மையே பிடிக்காமல் போகிறது.

மதிவதனி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வெயிலில் கறுத்த முகம். துப்பட்டாவின் முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“பிற்பகல் அளவு எடுத்தியாம்மா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“இல்ல சார்.” கோடு சற்றே அசைந்து அடங்கியது.

“அப்போ அந்த எண்ணெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?”

“நான் எழுதல சார். அந்த இடத்தைக் காலியா விட்டுத்தான் எங்க சாருக்குக் கொடுத்தேன்.” கோடு அப்படியே இருந்தது.

“சரி, எடுக்கல. ஏன் எடுக்கல? மத்தியானத்துக்கு மேல ஏரியில இருக்கறதுக்கு என்ன கஷ்டம்?”

அவள் தணிகாசலத்தையும் வரதனையும் குருபரனையும் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கோடு திரையின் உச்சியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

“சொல்லும்மா, யாரையாவது பார்க்கப் போயிட்டியா?” என்றார் வரதன். அவளுடைய கண்ணில் நீர் திரண்டது. கோடு இறங்கவே இல்லை.

அடுத்து ஞானசிகாமணி வந்து உட்கார்ந்தார். நெற்றியில் விபூதி, கையில் குடை, எல்லோருக்கும் தனித்தனியாக வணக்கம். “நான் அந்தப் பொண்ணை என் மகளா நெனச்சேன் சார். அவ கொடுத்ததை அப்படியே நம்பிப் போட்டேன். நிரப்பறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்தா?” என்றார். கோடு படுத்த படுக்கையாக இருந்தது. கோயிலில் விளக்கேற்றி வைத்த மாதிரி அப்படி ஓர் அமைதி.

“பார்த்தீங்களா?” என்று தணிகாசலம் திரையைக் காட்டி வரதனிடம் சொன்னார். குருபரன் திரையைப் பார்த்தார். ரெஹானா சொன்னது அவருடைய தொண்டைவரை வந்தது. முதல் மாடியும் கூடவே வந்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். மதிவதனியின் ஆய்வுப் பதிவை ரத்து செய்யும் முடிவை அடுத்த கூட்டத்தில் எழுதிக் கையெழுத்திடுவது என்று கலைந்தார்கள்.

ஆனால் ஒன்று அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அளவு எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டபோது ஏறாத கோடு, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டபோது மட்டும் எதற்காக உச்சிக்குப் போக வேண்டும்? தப்பைச் சொல்லக் கூசாதவள் காரணத்தைச் சொல்ல ஏன் அப்படிக் கூசினாள்? சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், ஒரு கருவியைச் செய்தவனுக்கு அது காட்டுவதைப் படிக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து ஏரிக்கு நெடுந்தூரம். கரை மொட்டையாகக் கிடந்தது. தூர்வாரும்போது சீமைக்கருவேலத்தை எல்லாம் அடியோடு வெட்டி எடுத்திருந்தார்கள். நல்ல காரியம்தான். ஒரு புதர் இல்லை, மறைப்பு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெயில். செத்த மீனின் வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் தூண்டில் போட்டுவிட்டுப் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் கிரிக்கெட் நடந்தது. இங்கே உட்கார்ந்து தண்ணீர் எடுப்பதில் அப்படி என்ன கஷ்டம், யாரும் தொந்தரவு செய்கிற மாதிரியும் தெரியவில்லையே என்று யோசித்துக்கொண்டே நடந்தார்.

குருபரனுக்குச் சர்க்கரை உண்டு. வழியில் மோர் வேறு குடித்திருந்தார். முட்டிக்கொண்டு வந்தது. சரிவில் இரண்டடி இறங்கி, தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நின்று வேலையை முடித்தார். தூண்டில்காரர்களில் ஒருவர் தற்செயலாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி தூண்டிலைப் பார்க்க ஆரம்பித்தார். யாருக்கும் அதில் ஒன்றுமில்லை.

ஜிப்பை மேலே இழுக்கும்போது குருபரனின் கை பாதியில் நின்றது. சுற்றிலும் பார்த்தார். மொட்டைக் கரையைப் பார்த்தார், தூண்டில்காரர்களைப் பார்த்தார், எதிர்க்கரையைப் பார்த்தார். காலையில் கிளம்பி இங்கே வந்து சாயங்காலம்வரை தனியாக இருக்க வேண்டிய ஒரு பெண்ணை நினைத்துப் பார்த்தார். அவருக்கு முகம் எரிந்தது. அந்த அறையில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து “என்ன கஷ்டம்” என்று கேட்டது மூன்று ஆம்பிளைகள்.

அங்கிருந்தே ரெஹானாவைக் கூப்பிட்டார்.

“மேடம், அந்தப் பொண்ணு மத்தியானம் ஏன் ஏரியில இருக்கலன்னு தெரிஞ்சிடுச்சு.”

“ஏனாம்?”

“இங்க வந்து பார்த்தேன்... ஒதுங்க இடமில்ல மேடம்.”

“இதைக் கண்டுபிடிக்க நீங்க ஏரிக்கரை வரைக்கும் போக வேண்டியிருந்துச்சா சார்?” என்றார் ரெஹானா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைத்துப் போனவர்போலச் சொன்னார்.

மறுநாள் ரெஹானா மதிவதனியை விடுதியில் பார்த்துப் பேசிவிட்டு நேராகக் குருபரனின் ஆய்வகத்துக்கு வந்தார்.

“காலையில எழுந்ததுலேருந்து பொட்டுத் தண்ணி குடிக்காமப் போவாளாம். அப்படியும் மத்தியானத்துக்கு மேல தாங்காது. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்திருக்கா. ஊருக்குள்ள போய் ஒதுங்கிட்டு வர, துறையில சும்மா நிக்கிற வேனைக் கேட்டிருக்கா. எதுக்கும்மா வேன்னு கேட்டாராம் ஞானசிகாமணி. என்னன்னு சொல்லுவா? ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ன்னு அனுப்பிட்டார். மத்தியான அளவு இல்லன்னு சொல்லித்தான் கொடுத்திருக்கா. அச்சாகி வந்தப்ப எல்லா இடமும் நிரம்பியிருந்துச்சாம். கேட்டதுக்கு, எல்லாரும் செய்யறதுதான்னாராம்.”

“நான் இதைக் கமிட்டியில சொல்லிடறேன் மேடம்.”

“சொல்லக் கூடாதாம். கையெடுத்துக் கும்பிடறா. அந்த அறையில இந்தப் பேச்சு வந்தா படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போயிடுவேங்கறா. சரி, அதைச் சொல்ல வேணாம். நீங்க சொல்ல வேண்டியது வேற.” ரெஹானா மானமானியைக் கையால் தொட்டுக் காட்டினார். “இதுல கோடு ஏறினா தப்புப் பண்ணினாங்கன்னு அர்த்தமில்ல. ஏறலன்னா யோக்கியன்னும் அர்த்தமில்ல. வெட்கங்கெட்டவனுக்கு இது ஏறவே ஏறாது. அவ்வளவுதான். நான் சொன்னா மனசு கினசும்பாங்க. செஞ்ச நீங்க சொன்னாத்தான் எடுபடும்.”

“கண்டிப்பா சொல்றேன் மேடம்,” என்றார் குருபரன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தார். ராத்திரி மனைவியிடம்கூட ஒருதடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் ஞானசிகாமணியும் உட்கார்ந்திருந்தார். காபி வந்தது. பகோடா வந்தது. தீர்மானத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார் வரதன். தணிகாசலம் பேனாவைத் திறந்தார்.

“சார், ஒரு நிமிஷம்,” என்றார் குருபரன். “அந்தப் பொண்ணுக்குக் கோடு ஏறினதை வெச்சு அவ தப்புப் பண்ணினான்னு சொல்லிட முடியாது சார்.”

“ஏன்?”

“அது குத்தத்தைக் காட்டற மெஷின் இல்ல சார். வேற காரணத்துக்கும் ஏறும்.”

தணிகாசலம் பேனாவைக் கீழே வைத்தார். “அப்போ ஏறாம இருந்தா?”

ஞானசிகாமணி பகோடாத் தட்டை மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டு, குருபரனைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தார்.

“சொல்லுங்க குருபரன். நம்ம ஞானசிகாமணிதான் தப்புப் பண்ணினார்னு சொல்ல வர்றீங்களா? துணைவேந்தர்கிட்ட நான் என்ன சொல்லட்டும்? எல்லாப் பத்திரிகைக்கும் மெஷின் கண்டுபிடிச்சிடுச்சுன்னு சொல்லியாச்சு.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு வாய் திறந்தால் போதும். குருபரனின் வாய் திறந்தது. ஆனால் வந்தது வேறு.

“அப்படி இல்ல சார். மெஷின்லதான் பழுது. நேத்துப் பிரிச்சுப் பார்த்தேன். படலத்துல ஈரம் ஏறியிருக்கு. அன்னிக்குக் காட்டினது எதையும் நம்ப முடியாது.”

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். எத்தனை சௌகரியமான பதில். யாரும் தப்புச் செய்யவில்லை. ஓர் இரும்புத் துண்டு செய்துவிட்டது. தணிகாசலம் உச்சுக்கொட்டினார். “கேவலமாப் போச்சே. சரி, பூட்டி வையுங்க அதை. போதிய ஆதாரம் இல்லன்னு போட்டு முடிச்சிடலாம்.” முதல் மாடியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. ஞானசிகாமணி எழுந்து குருபரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சின்னப் பொண்ணு சார். நான் எதையும் மனசுல வெச்சுக்கல. என்கிட்டயே ஆராய்ச்சியைத் தொடரட்டும்,” என்றார்.

குருபரன் அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றியாயிற்று, அதற்குத் தம் வாழ்நாள் கண்டுபிடிப்பையே விலையாகக் கொடுத்தாயிற்று என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ரெஹானா கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. பூட்டி வைப்பதற்குமுன் கடைசியாக ஒருதடவை மானமானியை ஓடவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோடு கொஞ்சமாக நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

கதவைத் தட்டிவிட்டு மதிவதனி உள்ளே வந்தாள். அவளை இவ்வளவு அருகில், அழாத முகத்தோடு அவர் பார்த்ததில்லை.

“சார், உங்களாலதான்னு சொன்னாங்க. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா.”

“அந்த ரூம்ல நீங்க வேற எதையும் சொல்லாம விட்டீங்களாமே, ரெஹானா மேடம் சொன்னாங்க. அதுக்கும் நன்றி சார்.” ரெஹானா அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார் என்று குருபரனுக்குத் தெரியும். இவளுக்கு அது நல்ல சேதியாகவே போய்ச் சேர்ந்திருந்தது.

“இனிமே என்ன செய்யப் போறே?”

“திங்கக்கிழமைலேருந்து ஏரிக்குப் போறேன் சார். இனிமே மத்தியானமும் இருந்து எடுத்தே ஆகணும்னு எங்க சார் கண்டிப்பாச் சொல்லிட்டாங்க.”

“வேன் கேட்டியா?”

“இல்ல சார்.” சிரித்தாள். “இப்போ போய் எப்படிக் கேக்கறது? தண்ணி குடிக்காமப் பழகிட்டேன், ஒண்ணும் இல்ல.”

திரையில் கோடு எழும்பியது. நிதானமாக, அவசரமே இல்லாமல் ஏறி உச்சியைத் தொட்டு நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். சட்டென்று முகம் மாறி, துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“சாரி சார், ரொம்பப் பக்கத்துல வந்துட்டேன் போல,” என்று பின்வாங்கிப் போய்க் கதவை ஒட்டி நின்றாள். அங்கிருந்து இந்தக் கருவிக்கு எந்த மனிதரும் எட்டமாட்டார். கோடு இறங்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள். பிறகு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்தாள்.

“பழுதுன்னு சொன்னீங்களாமே சார்,” என்றாள் ஆறுதலாக. “அதான் இப்படிக் காட்டுது.”

“ஆமாம்மா,” என்றார் குருபரன். “பழுதுதான்.”

அவள் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். குருபரன் எழுந்து கருவியை அணைக்கப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.